உள்ளக வடிவமைப்புக் கல்வி மறைத்து வைத்திருக்கும் மொழித்தேர்வு

இந்தியாவின் வடிவமைப்புக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களிடம் ஏதேனும் ஒரு வடிவில் சொல்லப்படும் கருத்து ஒன்றுண்டு. வடிவமைப்புக்கு மொழி ஒரு தடையில்லை, கோடும் நிறமும் அளவுமே அதன் மொழி என்பது அது. கேட்பதற்கு இனிமையானது. தாய்மொழி வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, கைவேலை நன்றாக வருகிறது என்ற ஒரே நம்பிக்கையில் வந்து சேர்ந்த மாணவருக்கு அது அடைக்கல வாக்காகவே ஒலிக்கும். இன்டீரியர் டிசைன் எனப்படும் உள்ளக வடிவமைப்புத் துறையைப் பொறுத்தவரை இக்கருத்து பொய் என்பதும், அது தீங்கற்ற பொய்யன்று என்பதுமே இப்பதிவின் வாதம். படிப்பு முழுவதும் ஒரு மொழித்தேர்வு நடந்துகொண்டே இருக்கிறது. பாடத்திட்டத்தில் அதற்குப் பெயரில்லை. மதிப்பெண் பகுப்பில் அதற்கு இடமில்லை. ஆனால் தோற்பவர்களில் பலர் அதில்தான் தோற்கிறார்கள்.

மொழியியல் படித்தவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மொழி இல்லை என்று சொல்லப்படும் இடத்தில் மொழி என்ன செய்கிறது என்று பார்ப்பது எங்கள் துறையின் வேலைகளுள் ஒன்று. தவிர, தனியார்க் கல்லூரியொன்றில் வடிவமைப்பு மாணவர்களுக்குத் 'தொடர்புத் திறன்' கற்பிக்க ஒரு பருவம் அழைக்கப்பட்டிருந்தேன். அங்கு என்னிடம் எதிர்பார்க்கப்பட்டது, மாணவர்களின் உச்சரிப்பில் இருந்த ஊரைத் துடைத்தெடுப்பது. அவர்கள் ஏற்கெனவே எத்தனை மொழிகளில் எவ்வளவு நுட்பமாகப் பேசுகிறார்கள் என்று அக்கல்லூரியில் எவரும் கேட்டதில்லை.

முதலில் ஜூரி. இத்துறையில் மதிப்பீட்டின் உச்சம் அதுதான். மாணவர் தம் வரைபடங்களைச் சுவரில் பொருத்தி, மாதிரியுருவை மேசைமேல் வைத்து, ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்த வல்லுநர்களும் அடங்கிய குழுவின் முன் நின்று பேச வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு கேள்விகள். கோடுதான் மொழி என்றால், சுவரில் தொங்கும் தாள்களைப் பார்த்து மதிப்பெண் இட்டுவிட்டுப் போகலாமே? போவதில்லை. மாணவர் பேச வேண்டும். வெறுமனே பேசினால் போதாது. கான்செப்ட், நரேட்டிவ், ஸ்பேஷியல் எக்ஸ்பீரியன்ஸ் என்று தொடங்கும் ஒரு குறிப்பிட்ட ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

ஒரு நூலகத்தின் படிப்பறையை இரண்டு மாணவர்கள் வடிவமைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் புத்தக அலமாரிகளை மேற்குச் சுவரில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் தடுமாறும் ஆங்கிலத்தில், பிற்பகல் வெயில் அந்தச் சுவரைச் சூடாக்கும், அலமாரி நின்றால் அறைக்குள் வெப்பம் குறையும், ஆனால் புத்தகத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றோட இடைவெளி விட வேண்டும் என்கிறார். மற்றவர் ஒளிக்கும் அறிவுக்கும் இடையிலான எல்லையோடு உரையாடுவதாகச் சரளமாகச் சொல்கிறார். முதலாமவர் சொன்னது வடிவமைப்பு. இரண்டாமவர் சொன்னது அலங்காரம்; உள்ளக வடிவமைப்பு என்பது வெறும் அலங்காரமன்று என்று முதல் நாள் வகுப்பில் சொல்லப்பட்டதே, அதே அலங்காரம். ஜூரிகளை நேரில் கண்டவர்கள் இவ்விருவரில் யாருக்கு எத்தகைய வரவேற்பு கிடைக்கும் என்பதைத் தமக்குள்ளேயே சொல்லிக்கொள்ளட்டும்.

மொழியை ஒரு மூலதனமாகப் பார்க்க வேண்டும் என்று பியர் பூர்தியூ வாதிட்டது இங்கு முழுமையாகப் பொருந்துகிறது. வீட்டிலிருந்து சிலர் கொண்டுவரும் பேச்சு முறையைக் கல்வி நிறுவனம் தகுதியாக மாற்றி, அம்மாற்றம் நிகழ்ந்ததே தெரியாதபடி அதைத் 'திறமை' என்று பெயரிட்டு வழங்குகிறது. வேறு துறைகளில் இம்மறைப்பு ஓரளவேனும் வெளிப்படையானது. ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறவருக்குத் தாம் ஆங்கிலத்தில் சோதிக்கப்படப் போகிறோம் என்பது தெரியும். வடிவமைப்பு மாணவருக்கோ, மொழி தேவையில்லை என்று உறுதியளித்துவிட்டு மொழியில் தேர்வு வைக்கிறார்கள். வாசலிலேயே தொடங்கும் வடிகட்டல் இது: வடிவமைப்பு இளநிலைப் படிப்புகளுக்காக 2015 முதல் மும்பை ஐ.ஐ.டி. நடத்திவரும் யூசீடு தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது.

இனி, அதே மாணவர் பட்டம் பெற்றுப் பணித்தளத்துக்குப் போவதைப் பார்ப்போம். அங்கு ஆங்கிலம் ஓய்ந்துவிடுகிறது. அகமதாபாத்திலோ மும்பையிலோ ஒரு வீட்டின் உள்வேலை நடக்கிறது என்றால், தச்சர் ராஜஸ்தானியராக இருக்கலாம். வண்ணம் பூசுபவர் பீகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்திருக்கலாம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பணித்தள இந்தி உருவாகியிருக்கிறது. எந்தப் பாடநூலிலும் இல்லாத, ஆனால் பிசகில்லாமல் வேலை நடத்தும் மொழி அது. அதில் மூலைமட்டம் 'குனியா'. இழைப்புளி 'ரந்தா'. லாமினேட் எந்த நிறுவனத்தினுடையதாயினும் 'சன்மைக்கா'. அளவுகளோ மூன்று முறைகளில் ஒரே வாக்கியத்துக்குள் வந்துபோகும்: ப்ளைவுட் பலகையின் நீள அகலம் 8க்கு 4 அடி, அதன் கனம் 18 மில்லிமீட்டர், கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே விட வேண்டிய சந்து ஒரு 'சூத்'.

சூத் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இந்தியில் அச்சொல்லுக்கு நூலிழை என்று பொருள். தமிழ்நாட்டுத் தச்சரும் கொத்தனாரும் அதே அளவை 'நூல்' என்கிறார்கள், மலையாளத்திலும் நூல்தான். இரு வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள் ஒரே அளவுக்கு ஒரே உருவகத்தைக் கையாளுகிறார்கள். மேற்கிந்தியத் தச்சர் சமூகத்தின் 'சுதார்' என்ற பெயரும் 'சூத்திரதாரர்', அதாவது நூலைப் பிடிப்பவர், என்ற சொல்லின் வழிவந்ததே. நாட்டின் நீள அகலத்துக்குப் பரவிய ஓர் அளவைச் சொல் உள்ளக வடிவமைப்புப் பாடத்திட்டத்தின் கண்ணில் படவில்லை என்றால், அந்தப் பாடத்திட்டம் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது?

இதைப் பண்பாட்டு ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. இதில் கணக்கும் இருக்கிறது. கல்லூரியில் வரைபடங்கள் மில்லிமீட்டரில் இடப்படுகின்றன. மாணவர் ஓர் அலமாரிப் பெட்டியின் அகலத்தை 450 மி.மீ. என்று எழுதுகிறார். அங்குல நாடாவில் வேலை செய்து பழகிய தச்சர் அதனை 17 அங்குலம் 6 சூத் என்று மாற்றிக்கொள்கிறார். அவர் கணக்கு பிழையன்று. சூத்தைவிடச் சிறிய அலகை அவர் நாடாவில் எளிதாகப் பிடிக்க முடியாது. ஆனால் 17 அங்குலம் 6 சூத் என்பது ஏறத்தாழ 450.85 மி.மீ. பத்துப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் எட்டரை மில்லிமீட்டர் கூடிவிடும். இரு சுவர்களுக்கு நடுவே கடைசிப் பெட்டி நுழையாது. அப்போது 'லேபர் சரியில்லை' என்ற வழக்கமான தீர்ப்பு வழங்கப்படும். இரண்டு அளவை முறைகளுக்கிடையே மொழிபெயர்க்கக் கற்பிக்கப்படாத பட்டதாரியின் குறை, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட தச்சரின் தலையில் ஏற்றப்படும். கூலியும் அங்கேதான் பிடிக்கப்படும்.

கல்லூரிகள் ஏன் இதைக் கற்பிப்பதில்லை? நேரமில்லை என்பது பதிலாகாது. என் விளக்கம் இது. கட்டடக் கலைஞர் என்ற பட்டப்பெயருக்கு 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. அதுவும் பெயருக்கான பாதுகாப்பே அன்றித் தொழிலுக்கான தனியுரிமை அன்று என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உள்ளக வடிவமைப்பாளருக்கு அந்தப் பெயர்ப் பாதுகாப்புக்கூட இல்லை. நாளையே எவரும் தம் கடைவாசலில் 'இன்டீரியர் டிசைனர்' என்று பலகை மாட்டலாம். முப்பது ஆண்டு அனுபவமுள்ள தச்சுக் காண்ட்ராக்டரும் மாட்டலாம். அவருக்கும், பல லட்சம் செலவழித்துப் பட்டம் பெற்றவருக்கும் இடையே சட்டம் போடாத வேலியை எது போடுகிறது? வரைதிறனும் பொருளறிவும் போட வேண்டும். பல இடங்களில் போடுவதோ ஆங்கிலம். வாடிக்கையாளரின் வரவேற்பறையில் அமர்ந்து அவருடைய வர்க்கத்தின் பேச்சைப் பேசத் தெரிவதே பட்டத்தின் விற்பனை மதிப்பாகிவிட்டது. இந்த வேலி நிலைக்க வேண்டுமானால் தச்சரின் சொல் வகுப்பறைக்குள் அறிவாக நுழையக் கூடாது. இந்நாட்டில் கைத்தொழில் அறிவு எந்தச் சாதிகளிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், இந்த அலட்சியம் தற்செயலன்று என்பது விளங்கும்.

இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1958இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையே, 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற வழிகோலியது. அவ்வறிக்கை மிக உயர்வாகப் பேசும் பொருள், லோட்டா எனப்படும் செம்பு. எந்தத் தனிமனிதரும் வடிவமைக்காதது. தலைமுறை தலைமுறையாகப் பெயரற்றவர்கள் திருத்தித் திருத்தி உருவாக்கியது. இந்திய வடிவமைப்புக் கல்வியின் அடிக்கல்லில் பெயரற்ற கைவினைஞருக்கு மரியாதை பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் எழுந்த கட்டடத்தில் நாம் உருவாக்குவதோ பெயருள்ள வடிவமைப்பாளர்களை. சண்டிகருக்காகச் செய்யப்பட்ட நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் பெருந்தொகைக்கு விற்கப்படுகின்றன. பியர் ஜானரே என்ற பெயரில். உடன் பணியாற்றிய யூலி சௌத்ரியின் பெயரே அரிதாகத்தான் வருகிறது. மரத்தை அறுத்துப் பொருத்தியவர்களின் பெயர்களை யார் கேட்டார்கள்?

கைவினை ஆவணப்படுத்தல் என்றொரு பாடம் பல கல்லூரிகளில் இருக்கிறதே என்று கூறுவர். இருக்கிறது; நல்ல ஆவணங்களும் வந்திருக்கின்றன. ஆனால் அங்கே கைவினைஞர் தரவு தருபவர், மாணவர் அறிபவர். எங்கள் துறையும் இந்த வழியாக நடந்து வந்ததுதான். களப்பணியில் மொழி பேசுபவரைத் 'தகவலாளி' என்று ஒரு காலத்தில் அழைத்தோம். மொழியறிவு அவருடையது, நூல் நம்முடையது என்ற ஏற்பாட்டைக் கேள்விக்குட்படுத்திய பிறகே, அவரை ஆலோசகர் என்றும், சில ஆய்வுகளில் இணையாசிரியர் என்றும் குறிப்பிடும் வழக்கம் வந்தது. மொழியியல் முழுதும் திருந்திவிட்டது என்று சொல்ல வரவில்லை. அந்த விவாதமாவது நடந்தது. வடிவமைப்புக் கல்வியில் அது இன்னும் உரத்து எழவில்லை.

சொற்களை இழப்பது சொற்களோடு நிற்பதில்லை. 'சீட்டிங்' என்று பாடநூல் தொடங்கும்போதே நாற்காலி வந்துவிடுகிறது. தமிழில் சம்மணமிடுவது வேறு, குந்துவது வேறு. இந்தியில் 'பால்தி' வேறு, 'உகடூ' வேறு. ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தையும் கைவீச்சையும் கோருவது. மாணவர்கள் பெரிதும் நம்பும் பனேரோ, செல்னிக் ஆகியோரின் உடலளவு நூல் 1979இல் அமெரிக்காவில் வந்தது. தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்த இந்திய உடலளவுகள் நூலைத் தேசிய வடிவமைப்பு நிறுவனமே 1997இல் வெளியிட்டுவிட்டது. இருந்தும், தரையில் அமர்ந்து காய்கறி நறுக்கும் ஒருவருக்காகச் சமையலறை வரைந்த மாணவரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அகமதாபாத் 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபு நகரமானது அதன் 'போள்' குடியிருப்புகளுக்காகவும்தான். அவ்வீடுகளின் 'ஓட்லோ' தெருவுமன்று, அறையுமன்று. லிவிங், டைனிங், பெட்ரூம் என்ற பட்டியலில் அதற்குக் கட்டமில்லை. கட்டமில்லாததை மென்பொருளில் வரைய எவருக்கும் தோன்றுவதில்லை.

எல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. உள்ளகக் காற்றின் தரம் இன்று எல்லாப் பாடத்திட்டங்களிலும் பேசப்படுகிறது. பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு, வண்ணப்பூச்சிலிருந்து எழும் ஆவிகள் ஆகியவை பற்றி மாணவர் படிக்கிறார். யாருடைய நுரையீரலுக்காகப் படிக்கிறார்? பெரும்பாலும், பின்னர்க் குடிவரப்போகும் குடும்பத்தின் நுரையீரலுக்காக. மூடிய அறையில் நாள்தோறும் எம்.டி.எஃப். பலகையை இயந்திரத்தால் அறுத்து, அந்தத் தூசிக்குள்ளேயே உண்டு உறங்கும் தொழிலாளி அப்பாடத்தில் தோன்றுவது அரிது. மரத்தூசியும் ஃபார்மால்டிஹைடும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. வடிவமைப்பாளர் எழுதித் தரும் பொருள்விவரக் குறிப்பும், அதில் எச்சரிக்கை ஏதேனும் இருந்தால் அதுவும், ஆங்கிலத்தில் இருக்கின்றன. இதை அவருக்கு அவர் மொழியில் விளக்கிச் சொல்லும் கடமை வடிவமைப்பாளருக்கு இருப்பதாக எந்த ஜூரியிலாவது கேட்கப்பட்டதுண்டா?

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். தொழில் உலகம் ஆங்கிலத்தில் இயங்குகிறது, மென்பொருளும் தரநெறிகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, மாணவரை ஆங்கிலத்திலிருந்து விலக்குவது அவருக்கே தீங்கு என்பது முதலாவது. முற்றிலும் உண்மை; ஆங்கிலத்தை நன்றாகக் கற்பியுங்கள். முதலாண்டிலேயே, தகுந்த நேரம் ஒதுக்கி, இரண்டாம் மொழி கற்பிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு கற்பியுங்கள். கற்பிக்காததை, அதுவும் வேறு பெயரில், மதிப்பிடாதீர்கள் என்பதே என் கோரிக்கை.

ஒரே வகுப்பில் பத்து மொழிக்காரர்கள் இருக்கும்போது எந்த மொழியில் நடத்துவது என்பது இரண்டாவது. பயிற்றுமொழியை மாற்றும்படி நான் கேட்கவில்லை. பணித்தளத்திலும் பல மொழிகள் இருக்கின்றன. அங்கே வேலை நின்றுவிடவில்லை. ஒருவர் பேச மற்றொருவர் எடுத்துச்சொல்லி நடக்கிறது. எழுத்தறிவு குறைந்தவர்கள் நாள்தோறும் செய்யும் அந்த மொழிபெயர்ப்பை, முனைவர் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த ஓர் அறையால் பத்து நிமிடம் செய்ய இயலாதா?

மூன்றாவது, எதிர்த்தரப்பிலிருந்து அன்றி நம் பக்கமிருந்தே வருவது. தாய்மொழிக் கல்வி என்றதும் கலைச்சொல் அகராதிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருபவர்களுக்கும், அகம், புறம் என்று சங்க இலக்கியத்தைச் சான்றுக்கு இழுத்து நம் முன்னோர் அன்றே உள்ளக வடிவமைப்பு கண்டனர் என்று பூரிப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இது. அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் இயங்குகிறது. அது பெருமளவு சமஸ்கிருத வேர்களிலிருந்து புனைந்த இந்திச் சொற்களைத் தச்சுப்பட்டறையில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் எவ்வளவு அந்நியமோ அவ்வளவு அந்நியம். மேலிருந்து இறங்கும் இன்னொரு மொழியை நான் கோரவில்லை. குனியாவும் சன்மைக்காவும் நூலும் எந்த அகராதிக் குழுவையும் கேட்காமல் பிறந்து வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கற்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே, பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கு ஐந்து கோரிக்கைகள். 

ஒன்று, ஜூரியின் மதிப்பெண் பகுப்பை எழுத்தில் வெளியிடுங்கள். மொழிநயத்துக்கு மதிப்பெண் உண்டென்றால் எத்தனை என்று சொல்லுங்கள், இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். 

இரண்டு, மாணவர் விரும்பும் மொழியில் ஜூரியில் பேசும் உரிமையை, சக மாணவர் மொழிபெயர்க்கும் ஏற்பாட்டோடு, விதியாக்குங்கள். 

மூன்று, பணித்தள மொழியையும் அளவை முறைகளையும் ஒரு முழுத் தாளாக வையுங்கள். அதனைக் கற்பிக்கத் தச்சர்களையும் கொத்தனார்களையும் வருகைதரு ஆசிரியர்களாக, அதே ஊதியத்தில், அழையுங்கள். 

நான்கு, இறுதியாண்டுத் திட்டத்தில் பங்கேற்ற தொழிலாளர்களின் பெயர்களை, அவர்களின் இசைவோடு, முகப்புத் தாளில் இடச் செய்யுங்கள். 

ஐந்து, ஒவ்வொரு பொருள்விவரக் குறிப்போடும் தொழிலாளிக்கான பாதுகாப்புக் குறிப்பு அவருடைய மொழியில், தேவைப்பட்டால் படமாகவோ குரல்பதிவாகவோ, இணைக்கப்படுவதைத் தேர்ச்சிக்கு நிபந்தனையாக்குங்கள்.

இவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது எதுவுமில்லை. முதலிரண்டுக்கும் வரும் பருவத் தேர்வுக்கு முன் ஒரு சுற்றறிக்கை போதும். போகாது என்று சொல்பவர்கள் காரணத்தையும் பொதுவெளியில் சொல்லட்டும், பதிலளிக்கக் காத்திருக்கிறேன்.

ஜூரி முடிந்து, தமக்கு வடிவமைப்பு வராது என்ற முடிவோடு விடுதி அறைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வரைபடத்தை ஒருமுறை கல்லூரிக்கு வெளியே, வேலை தெரிந்த ஒரு தச்சரிடம் காட்டி, உங்கள் மொழியில் விளக்கிப் பாருங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருந்தால், உங்கள் வடிவமைப்பில் குறையில்லை. அன்று உங்களிடம் சோதிக்கப்பட்டது வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று மறுநாள் துறைத் தலைவரிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.